கூறு போடும் அரை மணி நேரம்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில், சனி ஞாயிறுகளில் நான் பாடம் எடுத்தேன். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவர்களுக்கு வணிக உத்தி என்று ஒரு தாள் உண்டு. அதில் கூட்டல் கழித்தல் கிடையாது. அதனாலேயே கணக்குப் பிள்ளைகளுக்கு அதைக் கண்டால் பயம். எனக்கும்தான். அந்தத் தாளில் நான் அதற்குள் இரண்டு முறை தோற்றிருந்தேன். மற்றதெல்லாம் தேறியாகிவிட்டது, இது ஒன்று மட்டும் நந்தி மாதிரி குறுக்கே உட்கார்ந்திருந்தது. என் வகுப்பில் இருந்த ஏழு பேருக்கும் இந்த விஷயம் தெரியாது.

ஏன் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டுடோரியல் நடத்தியவர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவசரக்காரர். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி எடுக்கத்தான் நான் அங்கே சேர்ந்தேன். ஒரு வருஷம் ஒழுங்காகப் போனது. உத்தித் தாளுக்குச் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். பீஸ் கட்டிய பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், எடுக்க ஆளில்லை. சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ கோர்ஸ் முடிச்சிட்ட இல்ல?"

"ரிசல்ட் வரணும் சார்."

பொய் இல்லை. மூன்றாவது முறை எழுத இன்னும் விண்ணப்பமே போடவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. "வந்துடும், வந்துடும்" என்று அவரே சொல்லிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் படியேறும் இடத்தில் இருந்த போர்டில் என் பெயருக்குக் கீழே 'காஸ்ட் அக்கவுண்டன்ட்' என்று பெயிண்ட் காயாமல் மின்னியது. மேலே போய் "சார், அதை அழிச்சிடுங்க" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவே இல்லை என்று பல மாதம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். சனிக்கிழமை காலையில் விழுப்புரத்தில் பாசஞ்சர் ரயில் ஏறும்போதே எனக்கு அந்தப் பயம் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு யாராவது கேட்டுவிடுவார்களோ? "மேடம், நீங்க எத்தனையாவது அட்டெம்ப்டுல பாஸ் பண்ணீங்க?" என்று சாதாரணமாகக் கேட்கிற கேள்விதானே. கேட்டால் என்ன சொல்வது என்று பேரணி ஸ்டேஷன் வருவதற்குள் மூன்று பதில் தயாரிப்பேன். மூன்றும் பொய்யாக இருக்கும். திண்டிவனம் வந்ததும் போர்டைப் பார்க்காமல் படியேறுவேன்.

வேல்யூ செயின் என்கிற பாடம் வந்த அன்று கரும்பலகையில் அந்த அம்பு வடிவப் படத்தை வரைந்தேன். கீழ்வரிசையில் ஐந்து கட்டம். சரக்கை உள்ளே கொண்டுவருவது, அதைப் பண்டமாக்குவது, வெளியே அனுப்புவது, விற்பது, விற்ற பிறகு கவனிப்பது. மேல்வரிசையில் இவற்றைத் தாங்கிப் பிடிக்கிற நான்கு வேலை. அம்பின் முனையில் லாபம். ஒவ்வொரு கட்டத்திலும் பண்டத்துக்கு மதிப்பு ஏறுகிறதா, வெறும் செலவு மட்டும் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சொல்ல இவ்வளவுதான். கைடில் ஒரு கார் கம்பெனியை உதாரணம் காட்டியிருந்தார்கள். நான் அதை அப்படியே ஒப்பித்தேன். கெடாரிலிருந்து வந்த ஒரு பையன் கொட்டாவியை மறைக்க நோட்டைத் தூக்கினான்.

இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது, சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. "அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தொழிலை எடுத்து இதே மாதிரி கட்டம் போட்டுக்கினு வாங்க" என்றேன். பாடம் நடத்தத் தெரியாதவர்கள் வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். அவர்கள் அதைப் பெரிய முறை என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

மறுவாரம் வந்தவற்றில் ஒன்றுதான் உருப்படி. மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுடையது. பி.காம். முடித்தவள், அதிகம் பேசமாட்டாள், முதல் பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்காருவாள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா திண்டிவனத்துத் தெருக்களில் கூடையில் மீன் விற்கிறவர். அந்த வியாபாரத்தைத்தான் அவள் ஐந்து கட்டத்திலும் எழுதியிருந்தாள்.

அதிலிருந்துதான் நான் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். அவள் அம்மாவோடு சேர்த்து ஐந்து பெண்கள். கரைக்குப் படகு வந்ததும் ஏலம் நடக்கும். ஐந்து பேரும் தனித்தனியாகக் கேட்கமாட்டார்கள். ஒரே ஒருத்தி மட்டும் ஐவருக்குமாகக் கேட்டு, ஒரு வலையின் மீனை மொத்தமாக எடுப்பாள். பிறகு அதை மணலில் ஐந்து கூறாகப் போடுவார்கள். பெரிய மீன் இங்கே ஒன்று அங்கே ஒன்று, பொடி மீன் கைக்கு ஒரு வாரி என்று நிரவி நிரவிப் போடுவார்கள். பிறகு ஆளுக்கு ஓர் அடையாளம் கொடுப்பார்கள். ஒருத்தி சிப்பி, ஒருத்தி ஊக்கு, ஒருத்தி ஓலைத் துணுக்கு. எது யாருடையது என்று தெரியாத ஓர் ஆளைக் கூப்பிட்டு அவற்றைக் கூறுகளின் மேல் வைக்கச் சொல்வார்கள். எந்தக் கூறில் எவளுடைய அடையாளம் விழுந்ததோ அது அவளுக்கு. மறு பேச்சே கிடையாது. இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகும் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தாள். பிறகு ஐந்து பேரும் ஒரே டெம்போவில் திண்டிவனம் வந்து, ஆளுக்கு இன்ன தெரு என்று பிரிந்து போவார்கள்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். கணக்குப் படித்த கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் அடித்துவிட ஒரு வரியைத் தேடும். அந்த அரை மணி நேரத்தை வட்டமிட்டேன். அந்த நேரத்தில் மீனுக்கு என்ன மதிப்பு ஏறுகிறது? ஒன்றும் இல்லை. வெயில் ஏறுகிறது, ஐஸ் கரைகிறது. வாங்குகிறவளுக்கு அந்தச் சிப்பியாலும் ஊக்காலும் என்ன பயன்? ஓரத்தில் எழுதினேன்: 'மதிப்புச் சேர்க்காத செயல். நீக்கலாம். தனியாக ஏலம் கேட்டால் அரை மணி முன்னதாகச் சந்தைக்கு வரலாம்.' வகுப்பில் அதை உரக்கப் படித்தும் காட்டினேன். முதல் முறையாக நானும் ஒரு டீச்சர் என்கிற தைரியம் எனக்கு வந்த நாள் அது. கெடார்ப் பையன்கூட நோட்டை இறக்கி எழுதிக்கொண்டான்.

இதைப் போய் அவள் அம்மாவிடம் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. சொன்னால்தான் என்ன, அந்த அம்மா கேட்பார் என்றும் நினைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் ஒரு பொட்டலத்தை மேஜை மேல் வைத்தாள். உள்ளே வஞ்சிரக் கருவாடு.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க மேடம். நீங்க சொன்ன மாதிரி தனியா ஏலம் எடுத்தாங்க. மத்தவங்க கூறு போட்டுக்கினு இருக்கிறதுக்குள்ள மொத பஸ்ஸைப் புடிச்சி வந்துட்டாங்க. ஒம்பது மணிக்கெல்லாம் கூடை காலி."

எனக்கு ஒரு பக்கம் பெருமை, இன்னொரு பக்கம் திக்கென்றது. பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்ட என் பேச்சைக் கேட்டு ஒரு குடும்பத்தின் வியாபாரம் நடக்கிறது. ஆனால் நன்றாகத்தானே நடக்கிறது? சாரிடம் அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அவர் புதிதாகச் சேர வந்தவர்களிடம் "நம்ம மேடம் சொல்லி மரக்காணத்துல மீன் வியாபாரமே மாறிப்போச்சி" என்று அளக்க ஆரம்பித்தார். நான் சிரித்து வைத்தேன். கருவாடு வீட்டில் மூன்று நாள் மணத்தது.

அதன் பிறகு ஒரு மாதம் போல அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் பயம்தான். அவள் முகம் வாரத்துக்கு வாரம் சுண்டிக்கொண்டே வந்தது எனக்குத் தெரிந்தது. ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், அம்மாவுக்கு ரொம்ப பேஜாராயிடுச்சி."

விஷயம் இதுதான். அவள் அம்மா தனியாக ஏலம் கேட்க ஆரம்பித்ததும், மற்ற நாலு பேருக்கும் அவருக்கும் போட்டி ஆகிவிட்டது. முன்பு ஒரு குரலாகக் கேட்ட இடத்தில் இப்போது இரண்டு குரல். ஏலம் விடுகிறவருக்குக் கொண்டாட்டம், விலை ஏறிக்கொண்டே போனது. முழு வலையையும் எடுக்க இவருக்குத் தெம்பில்லை. அதனால் கடைசியில் தங்கிய கழிசல் மீன்தான் கிடைத்தது. முன்பெல்லாம் ஐந்து பேரும் ஒரே ஐஸ் பாரை வாங்கி உடைத்துப் பங்கிடுவார்கள், இப்போது தனியாக ஒரு பார். டெம்போவில் இடமில்லை என்றார்கள். பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற ஒரு கண்டக்டர் விட்டால் இன்னொருவர் விடமாட்டார். இவருடைய தெருவுக்குள்ளேயே அந்த நால்வரில் ஒருத்தி கூவிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டாள்.

"எல்லாத்தையும் விட மேடம், கூடையைத் தலைக்கு ஏத்திவிட ஆளில்ல. அவங்க நாலு பேரும் பாத்துக்கினே நிக்கிறாங்க. நேத்து அம்மா தானா தூக்கப் போய் மீனெல்லாம் மணல்ல கொட்டிடுச்சி."

"திரும்பப் போய்ச் சேர்ந்துக்கலாமே?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க மேடம். 'நாங்க படிக்காத கழுதைங்க, எங்களாண்ட இன்னா இருக்கு, உன் பொண்ணு படிக்கிற படிப்பே உன்னப் பாத்துக்கும், போ'ன்னுட்டாங்க." அவள் நோட்டைத் திறந்து, நான் சிவப்பில் எழுதிய பக்கத்தை என் முன்னால் வைத்தாள். குரலில் துளியும் கோபமில்லை. "மேடம், இதுக்கு அடுத்து இன்னா பண்ணணும்னு புக்ல போட்டிருக்கு?"

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவள் என்னை நம்பிக் கேட்டாள். "பார்த்துச் சொல்றேன்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

அன்று மாலை ரயிலில் அந்த அத்தியாயத்தை எடுத்தேன். கட்டங்களைப் பற்றிய பக்கங்கள் என் அடிக்கோடுகளால் நிறைந்திருந்தன. அதற்கு அடுத்த இரண்டு பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. அவை கட்டங்களுக்கு நடுவில் உள்ள பிணைப்புகளைப் பற்றியவை. நாலு மார்க் கேள்விதானே வரும் என்று இரண்டு முறையும் நான் தாண்டிப்போன பக்கங்கள். ஒரு கட்டத்தில் ஆகும் செலவு இன்னொரு கட்டத்தில் செலவைக் குறைத்துக்கொண்டிருக்கும், ஒன்றைப் பிடுங்கினால் மற்றது சரியும், அதனால் ஒரு கட்டத்தை மட்டும் தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே என்று பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது போல எழுதியிருந்தது. அரை மணி நேரம் கூறு போட்டதால்தான் ஏலத்தில் ஒரே குரல். கூறில் யாருக்கும் சந்தேகமில்லாததால்தான் ஒரே டெம்போ, ஒரே ஐஸ் பார், சண்டையில்லாமல் ஆளுக்கொரு தெரு. ஒருத்தி கூடையை இன்னொருத்தி தூக்கிவிடுவதும் அதனால்தான். நான் அதை ஒரு செலவு வரியாகப் பார்த்து அடித்துவிட்டேன்.

முண்டியம்பாக்கம் தாண்டும்போது இன்னொன்றும் புரிந்தது. அந்தப் பெண்கள் அவள் அம்மாவைச் சேர்த்துக்கொள்ளாததற்குக் காரணம் மீனும் இல்லை, விலையும் இல்லை. நாலு காசு அதிகம் கிடைக்கும் என்று கூட்டாளிகளை விட்டுவிட்டுப் போனாள், அதுவும் படித்தவர்கள் சொன்ன புத்திசாலித்தனத்தால் போனாள் என்பதுதான் அவர்களுக்கு உறைத்தது. படித்தவர் சொன்னது சரி என்றால் காலம் காலமாகக் கூறு போட்ட இவர்கள் முட்டாள்கள். அதை எப்படிப் பொறுப்பார்கள்? அந்த அம்மாவுக்குத் திரும்பிப் போக ஒரு வழிதான் இருந்தது. சொன்னவளே ஒரு முட்டாள் என்று தெரிய வேண்டும். அதைத் தெரியவைக்க என்னால் மட்டும்தான் முடியும்.

நான்கு நாள் தள்ளிப்போட்டேன். குப்பத்தில் சொன்னால் அந்தப் பெண்ணுக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் வகுப்புக்குத் தெரியும், வகுப்புக்குத் தெரிந்தால் சாருக்கு. அப்புறம் எந்த முகத்தோடு அந்தப் படியேறுவது? சும்மா 'கூறு போடுவதே நல்லது' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் போதாதா என்று மனம் பேரம் பேசியது. போதாது என்று எனக்கே தெரிந்தது. படித்தவள் இன்றைக்கு ஒன்று சொல்வாள், நாளைக்கு ஒன்று சொல்வாள் என்பார்கள். அந்த அம்மாவின் மேல் இருக்கிற பழி அப்படியேதான் இருக்கும்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். திண்டிவனத்தில் மாறி, குப்பத்தின் சாலையில் இறங்கும்போது நல்ல வெளிச்சம் வந்திருந்தது. முந்தின நாளே குப்பத்து டெலிபோன் பூத்துக்குப் பேசிச் சொல்லியிருந்ததால் அந்தப் பெண் காத்திருந்தாள். புத்தகத்தில் ஏதோ பெரிய தீர்வு கண்டுபிடித்து வந்திருக்கிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. வழியெல்லாம் என் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏலம் முடிந்திருந்தது. நாலு பெண்கள் மணலில் உட்கார்ந்து நாலு கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தடி தள்ளி அவள் அம்மா தனியாக, கால் கூடை மீனோடு. என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க டீச்சரம்மா" என்றார். நான் கெடுத்துவைத்த பிறகும் அந்த மரியாதை குறையவில்லை.

நான் அவரிடம் போகாமல் அந்த நாலு பேர் பக்கம் போனேன். ஏலத்தில் எல்லாருக்குமாகக் குரல் கொடுக்கிறவர் யார் என்று கேட்கவே தேவையில்லை. அகலமாக உட்கார்ந்து, வெற்றிலை மென்றுகொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கா, இவங்க மேல தப்பில்லை. தனியா எடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"தெரியுமே" என்றார் அவர். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்களுக்கு இன்னா தெரியும்?"

"சரியில்லைக்கா. தப்பாச் சொல்லிட்டேன். எனக்கு அந்தப் பாடம் தெரியாது."

"தெரியாமலா டீச்சர் வேல பாக்குறீங்க?"

இதற்கு மேல் சுற்றி வளைக்க இடமில்லை. "அந்தப் பாடத்துல நான் ரெண்டு வாட்டி பெயில்" என்றேன்.

எனக்குப் பின்னால் அந்தப் பெண் நிற்கிறாள் என்பது முதுகில் சூடாகத் தெரிந்தது.

"எந்தப் பாடத்துல?"

"இதே பாடத்துல. உங்க கூறு வேணாம்னு சொன்னேனே, அதே பாடத்துல."

வெற்றிலை வாய் மெல்லத் திறந்தது. பிறகு அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார் பாருங்கள், பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். "ஏண்டீ" என்று அவள் அம்மாவைப் பார்த்துக் கத்தினார். "ரெண்டு வாட்டி கோட்டு அடிச்சவ பேச்சக் கேட்டா எங்கள வுட்டுட்டுப் போன?"

"எனக்கு இன்னாடி தெரியும்? போர்டுல பெருசா எழுதி வச்சிருக்குன்னு பொண்ணு சொல்லிச்சி. நம்பிட்டேன்."

அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. பேராசைக்காரிக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை, ஏமாந்தவளுக்கு இடமுண்டு. அவர் இப்போது ஏமாந்தவர். ஆளாளுக்கு என்னைக் கேலி செய்யச் செய்ய அவருடைய பழி கரைந்துகொண்டே வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்றாள் ஒருத்தி. இவங்களுக்கு ஏடும் தெரியல, சுரைக்காயும் தெரியல என்றாள் இன்னொருத்தி. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி, நேரமாவுது" என்றார் வெற்றிலைக்காரர். "உன் மீனக் கொண்ணாந்து இதுல கொட்டு. ஜல்தி."

போட்டிருந்த நாலு கூறையும் கையாலேயே கலைத்தார்கள். அவள் அம்மாவின் கழிசல் மீனும் அதில் விழுந்தது. மறுபடி ஐந்தாக நிரவ ஆரம்பித்தார்கள். சாலையில் டெம்போக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் என்னை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்கள். அடையாளம் வைக்க வெளியாள் வேண்டுமாம். ஐந்து சாமானை என் உள்ளங்கையில் கொட்டினார்கள். ஈரக் கையால் ஒவ்வொன்றாக வைத்தேன். ஒரு கூறு மட்டும் கொஞ்சம் தாழ்வாக எனக்குத் தெரிந்தது, பொடி அதிகம். அதில் நான் வைத்த தீக்குச்சி அவள் அம்மாவுடையது.

என் கையாலேயே அவருக்கு மறுபடியும் குறைச்சல் செய்துவிட்டேனே என்று எனக்குப் பகீரென்றது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தில்கூட ஒன்றுமில்லை. மீனைக் கூடையில் வாரிப்போட்டார். வெற்றிலைக்காரர் வந்து ஒரு பக்கம் பிடித்துத் தலைக்கு ஏற்றிவிட்டார். ஐந்து பேரும் டெம்போவைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

நானும் அந்தப் பெண்ணும் மட்டும் நின்றோம். எல்லாரும் சிரித்தபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"நெஜமாவா மேடம்?"

"நிஜம்தான்."

"அப்ப போர்டுல போட்டிருக்கிறது?"

நான் குனிந்து செருப்பு மணலைத் தட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "பஸ் வந்துடும் மேடம், வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

சனிக்கிழமை யார் வாயிலாகவும் போவதற்கு முன் நானே சாரிடம் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இதையெல்லாம் ஏம்மா வெளிய சொல்லிக்கினு திரியற?" என்பதுதான் அவர் கவலை. நான் அவரை ஏமாற்றியது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை, கரையில் போய் உண்மையைச் சொன்னதுதான் தெரிந்தது. ஆனாலும் அன்று மாலையே ஆளை வைத்து அந்த ஒரு வரியை அழித்தார். வகுப்பிலும் சொன்னேன். வேறு டீச்சர் வேண்டும் என்பவர்கள் பீஸைத் திரும்பக் கேட்கலாம் என்றேன். கெடார்ப் பையன் எழுந்து, "எந்தெந்த எடத்துல மார்க் போவும்னு உங்களுக்குத்தான் மேடம் நல்லாத் தெரியும், நாங்க இருக்கோம்" என்றான். கேலியா, ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் போகவில்லை. அவளும் போகவில்லை. அதே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

மூன்றாவது முறை நான் தேறிவிட்டேன். பிணைப்புகளைப் பற்றி அந்த முறை பெரிய கேள்வியாகவே கேட்டிருந்தார்கள். பேரும் ஊரும் சொல்லாமல் ஐந்து பெண்களின் வியாபாரத்தை எழுதினேன். அந்த விடைக்குத்தான் தேறியிருப்பேன் என்று நினைக்கிறேன். என் பாடத்துக்கான விலையை அந்த அம்மா ஒன்றரை மாதம் கட்டினார், மார்க்கை நான் வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தேர்வுக்குச் சில வாரம் முன்பு வகுப்பில் மறுபடியும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். இந்த முறை எனக்குப் பாடம் தெரிந்திருந்தது. பிணைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, தெரிந்த தொழில் ஒன்றை எழுதி வரச் சொன்னேன். அவரவர் வீட்டுத் தொழிலே நல்லது என்றும் சொன்னேன். சொல்லும்போது ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவள் கரையைப் பற்றி எழுதி வந்தால் இந்தத் தடவை ஒழுங்காகப் படிக்க வேண்டும், கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவள் அம்மா எப்படி இருக்கிறார், தெரு திரும்பக் கிடைத்ததா என்று கேட்க அதுதான் எனக்கு இருந்த ஒரே வழி.

மறுவாரம் நோட்டுகள் வந்தன. கெடார்ப் பையன் அவர்கள் வீட்டு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விவசாயத்தைப் பற்றி ஆறு பக்கம் தப்பும் தவறுமாக எழுதியிருந்தான். வானூர்ப் பெண் ஒருத்தி அவள் மாமாவின் சித்தாள் கூட்டத்தைப் பற்றி எழுதியிருந்தாள்.

மரக்காணத்துப் பெண் வடக்கே எங்கேயோ இருக்கிற ஒரு சிமெண்ட் கம்பெனியைப் பற்றி எழுதியிருந்தாள். கைடில் பின்பக்கத்தில் இருந்த கம்பெனி. கட்டங்கள், பிணைப்புகள், எல்லாம் அச்சுப் போல இருந்தன, ஒரு தப்பில்லை. முழு மார்க் போட்டுக் கொடுத்தேன். "தேங்க்ஸ் மேடம்" என்று வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.